இல்லாததைப் பார்க்க வந்தவர்கள்

இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவன் மனுஷன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சுவரைப் பார்க்கிறான், மேலே ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கிறான், செல்போனுக்கு சார்ஜ் போட எங்கே பிளக் இருக்கிறது என்று பார்க்கிறான். அதற்கப்புறம்தான் "நல்லாருக்கீங்களா" என்கிறான். நாம் பதில் சொல்வதற்குள் அவன் போன் அடிக்கிறது. பத்திரிகை வைக்க வருகிறவனும் இப்படித்தான், ஓட்டுக் கேட்டு வருகிறவனும் இப்படித்தான். சரி, தொலையட்டும் என்று அவர்களை விட்டுவிடலாம். ஒரு யுனிவர்சிட்டியே இப்படி வந்து நின்றால் என்ன செய்வது?

என் பேர் மாயவன். மூணாங்கிளாஸோடு சரி. அதற்கப்புறம் மரக்காணம் உப்பளம்தான். என் மகன் கலியமூர்த்தி உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றப் போகிறான். மருமகள் வசந்தாவும் நானும் பாத்தியில் உப்பு வாருகிறோம். வெயில் காலத்தில் கூலி உண்டு. மழை பிடித்துவிட்டால் அளம் முழுக்கத் தண்ணீர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இந்த வீட்டில்தான் என் பேத்தி கலைமதி பிளஸ் டூ பாஸ் பண்ணினாள், நல்ல மார்க். கண் பார்க்கிற படிப்பு படிக்கணும் என்றாள். டாக்டர் இல்லையாம், டாக்டருக்குக் கீழே, கண்ணை சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற வேலையாம். உப்பு வெள்ளையில் வெயில் பட்டுப் பட்டு எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கண் போயிருக்கிறது, அதனால் படிப்பைப் பற்றி நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

அந்தப் படிப்பு சென்னைப் பக்கம் ஒரு பெரிய பிரைவேட் யுனிவர்சிட்டியில் இருந்தது. சீட்டும் கொடுத்துவிட்டான். ஆனால் ஃபீஸ் எங்களால் ஆகிற காரியம் இல்லை. அவள் படித்தது சர்ச் சாமியார்கள் நடத்துகிற பள்ளிக்கூடம், அதனால் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டான சலுகை இவளுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற ஒரே வழி அந்த யுனிவர்சிட்டியே கொடுக்கிற ஸ்காலர்ஷிப்தான். அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு அளத்துக்கு வர வேண்டியதுதான்.

நானும் கூடப் போனேன். அங்கே அசோகன் என்று ஒரு ஆபீசர், நாற்பது வயசு இருக்கும். பொறுமையாகத்தான் விளக்கினார். ஸ்காலர்ஷிப் இரண்டு வகையாம். ஒன்று மார்க்குக்கு, இன்னொன்று ஏழ்மைக்கு. மார்க்குக்குக் கொடுப்பதிலும் படி வைத்திருக்கிறார்கள். ரொம்ப மேலே இருக்கிற பிள்ளைக்கு முழு ஃபீஸும் தள்ளுபடி, அடுத்த படிக்குப் பாதி, அதற்கடுத்த படிக்குக் கால்வாசி தள்ளுபடி. கலைமதி கால்வாசிப் படியில் இருந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு பையன் முழுத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு போனான். அவன் அப்பா வெளியே காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவனுக்கு எதற்குத் தள்ளுபடி என்று கேட்டேன். அவன் படிப்புக்குக் கொடுக்கிற மரியாதை, அப்பா காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் அசோகன். டியூஷனுக்கு மட்டும் அந்தக் காரில் போயிருப்பானா இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன், கலைமதி என் காலை மிதித்தாள்.

மிச்ச ஃபீஸுக்கு ஏழ்மை ஸ்காலர்ஷிப் கேட்கலாம் என்றார். தாலுகா ஆபீசில் வாங்கிய வருமானச் சான்றிதழை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு பண்ண மாட்டார்களாம். எல்லாரும் இதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். அதனால் வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். கூரை, டிவி, வண்டி, இன்ன பிற சாமான் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டாம். படிப்புக்கு மார்க் போட்டு முடித்து, இப்போது பஞ்சத்துக்கும் மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள். மாச வருமானம் என்ன என்று கேட்டார். எந்த மாசம் என்று கேட்டேன். வெயில் மாசமா, மழை மாசமா? அவர் கம்ப்யூட்டர் பெட்டியில் அதற்கு ஒரு கட்டம்தான் இருந்தது. ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

வருகிற நாளைப் போனில் சொன்னார்கள். கெட்டது அங்கேதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் ஒருத்தர் ஒரு வீட்டைப் பார்க்க வருகிறார் என்றால், அது அந்த வீட்டுக்காரன் காரியம் மட்டும் இல்லை. பெண் பார்க்க வந்தாலும் சரி, வேறு எதற்கு வந்தாலும் சரி, தெருவே எடுத்துக் கொடுக்கும். ஒருத்தி எவர்சில்வர் தட்டு கொடுப்பாள், ஒருத்தி நாற்காலி, ஒருத்தி கழுத்துச் செயின். வந்தவர்கள் போனதும் சாமான் அதது வீட்டுக்குப் போய்விடும். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. விருந்தாளி தெருமுனை தாண்டுகிற வரைக்கும் கொடுத்தவள் வாயைத் திறக்கக் கூடாது. முன்னே ஒருத்தி, பெண் பார்க்க வந்த இடத்தில், "டம்ளரைப் பாத்து வெய்யி, எங்க வீட்டுது" என்று சொல்லிவிட்டாள். அந்த சம்பந்தம் எப்படியோ முடிந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவளிடம் யாரும் ஒரு கரண்டி கூடக் கேட்டுப் போகவில்லை, அவள் கேட்டாலும் யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் வீட்டை விற்றுவிட்டு அனுமந்தைப் பக்கம் மகளோடு போய்விட்டாள்.

காலேஜ்காரர்கள் வருகிறார்கள் என்றதும் வசந்தா காரியத்தில் இறங்கிவிட்டாள். பக்கத்து வீடு அம்சவல்லி வீடு. அவள் மகன் ஆரோவில்லில் கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறான். வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது ஒரு பிரம்பு சோபாவை அவனிடமே விட்டுப் போயிருந்தார். அதை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் போட்டார்கள். எங்கள் பாய் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஸ்டாண்ட் ஃபேன் வந்தது. கண்ணாடி கிளாஸ் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அம்சவல்லி தன் கழுத்தில் கிடந்த செயினைக் கழற்றி வசந்தா கழுத்தில் போட்டாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். கலைமதியும் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றாள். வசந்தா கேட்கவில்லை.

"மாமா, நீங்க சும்மா இருங்க. நாளைக்கு இவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்குற ஜனங்க. அவங்க முன்னாடி வெறும் மஞ்சக் கயித்தோட வந்து நிக்கச் சொல்றீங்களா?"

"அவங்க வர்றதே நம்ம கிட்ட இன்னா இல்லன்னு பாக்கத்தான்."

"இல்லாததை எதுக்கு வந்து பாக்கணும்? அதான் சர்ட்டிபிகேட்டுல எழுதிக் கொடுத்தாச்சே" என்றாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அசோகனும் வினோதினி என்று ஒரு சின்னப் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் கையில் பெரிய போன். அசோகன் சோபாவில் உட்கார்ந்து, கைப்பிடியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அவர் தட்டத் தட்ட அந்தப் பெண் போனில் தட்டிக்கொண்டாள். அம்சவல்லி தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கலர் பாட்டிலை எடுத்துவந்து பின்வாசல் வழியாக வசந்தாவிடம் கொடுக்க, வசந்தா கிளாஸில் ஊற்றி நீட்டினாள். அசோகன் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லா ஜில்லுன்னு இருக்குதே என்றார். வினோதினி உடனே ஒரு தட்டு. அது ஃபிரிட்ஜுக்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. வழக்கமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன்.

"சார், இந்த சோபா எங்களுது இல்ல. ஃபேனும் இல்ல. நீங்க குடிச்ச கலரும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல வெச்சது."

வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் அளத்துத் தண்ணீர் வற்றியிருக்கும். அசோகன் மட்டும் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை, பழகிப்போன சிரிப்பு.

"பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. நான் போற வீட்டுல பாதிப் பேர் சாமானை எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பாங்க. ஒளிக்க முடியாதவங்க இரவல்னு சொல்லுவாங்க. ஒருத்தர் டிராக்டரையே வைக்கப்போருக்குப் பின்னாடி நிறுத்தியிருந்தாரு."

"ஒளிக்கிறவன் இருப்பான் சார். கொண்டாந்து வெக்கிறவன் இருப்பானா?"

"அதான் நானும் கேக்குறேன். ஸ்காலர்ஷிப் கேக்குற வீட்டுல யாராவது கடன் வாங்கி சோபா போடுவாங்களா?"

நான் அம்சவல்லியைக் கூப்பிட்டேன். பின்வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். வந்தாள். இந்த சோபா யாருடையது என்று அசோகன் அவளிடம் கேட்டார். அவள் என்னையும் பார்க்கவில்லை, சோபாவையும் பார்க்கவில்லை.

"இதென்ன சார் கேள்வி. அவங்க வீட்டுல இருக்குது, அவங்களுதுதான். போன பொங்கலுக்கு வாங்கினாங்க."

அத்தோடு விட்டாளா? ஃபேனும் அப்போதே வாங்கியதுதான் என்றாள். வசந்தா கழுத்தில் கிடக்கிற செயின் அவள் அம்மா வீட்டில் போட்டது என்றாள். கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னாள். வினோதினிக்குத் தட்டித் தட்டி விரலே வலித்திருக்கும். வீட்டாரை சோபாவில் வரிசையாக உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும் அம்சவல்லி என்னிடம் வந்தாள். நான் பெரிய மனுஷனாக இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்டாள். "நல்ல வேளை அண்ணா, நான் விட்டுக்கொடுக்காம பேசினேன்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து கலைமதி போனுக்கு மெசேஜ் வந்தது. ஏழ்மை ஸ்காலர்ஷிப்புக்குத் தகுதி இல்லை. கால்வாசித் தள்ளுபடி போக மிச்சத்தை ஆகஸ்ட் கடைசிக்குள் கட்டவேண்டும், இல்லாவிட்டால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும். அதை அவளேதான் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அவள் அழவில்லை. இந்தத் தெருவில் யாராவது ஒருத்தர் ஒரு நாளைக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் விடிகாலையில் எங்களுக்கு முன்னால் பலகையோடு அளத்தில் நின்றாள். கலியமூர்த்தி அன்றைக்கு லாரிக்குப் போகவில்லை, வீட்டிலேயே படுத்துக் கிடந்தான். வசந்தா, தன்னால்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் நடமாடினாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அம்சவல்லிக்கு விஷயம் தெரிந்ததும் ஆடிப்போய்விட்டாள். கிளம்புங்கள் அண்ணா என்றாள். அவள் புருஷனுக்குக் கிட்னி போய், வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். அதை மகனிடம் விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். அசோகன் ஆபீசில் காத்துக் கிடந்து அவரைப் பிடித்தோம். உட்காருவதற்கு முன்னாலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள். சோபா என்னுது சார், ஃபேன் என்னுது, செயினும் என்னுது, என் கழுத்துல பாருங்க என்று காட்டினாள். அவர் போனில் தேடி அந்தப் போட்டோவை எடுத்தார். வசந்தா கழுத்தையும் பார்த்தார், இவள் கழுத்தையும் பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு அவங்களுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னைக்கு நீங்க எங்க தெருவுக்கு வந்த விருந்தாளி சார். விருந்தாளி கிட்ட எப்படி சொல்றது? இன்னைக்கு நான் உங்க எடத்துக்கு வந்திருக்கேன், சொல்றேன்."

அசோகன் போனைக் கீழே வைத்தார். இந்த வேலையில் அவர் எத்தனையோ பொய்யைப் பிடித்திருப்பார். இது எதில் சேர்த்தி என்று அவருக்குப் புரியவில்லை. நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் முழித்திருப்பேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, எழுதிக் கொடுங்கள், இன்னொரு தரம் வந்து பார்க்கிறேன், இந்தத் தரம் சொல்லாமல் வருவேன் என்றார். சர்க்கார் சீல் குத்திய காகிதத்தை நம்ப மாட்டார்கள், நான் சொன்னதை நம்ப மாட்டார்கள், அம்சவல்லி செயினைக் கழற்றிக் காட்டினாலும் போதாது. மறுபடியும் வந்து சாமானைத்தான் பார்ப்பார்கள். ஏதோ வந்தால் சரி என்று திரும்பினோம்.

சொல்லாமலே வந்தார். எனக்குக் காலில் உப்பு அரித்துப் புண், அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பாயில் படுத்துக் கிடந்தேன். கலைமதி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அசோகன் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. பாயிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், பானைத் தண்ணீர். குடித்துவிட்டு, இதை அன்றைக்கே காட்டியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லையே என்றார்.

அந்த நேரம் வசந்தா அளத்திலிருந்து வந்தாள். முழங்கால் வரைக்கும் உப்பும் சேறும், தலையில் துண்டு. வாசலில் நின்ற காரைப் பார்த்தவள் உள்ளே வரவில்லை. அப்படியே திரும்பி அம்சவல்லி வீட்டுக்கு ஓடினாள். எதற்கு ஓடினாள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து பார்த்தேன். அம்சவல்லி கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். வசந்தா தட்டிக்கொண்டே நிற்கிறாள்.

"அக்கா, செயினை மட்டும் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

கதவு திறக்கவில்லை. அவள் உள்ளேதான் இருக்கிறாள், ஜன்னலில் சேலை தெரிகிறது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஒரு தப்பும் பண்ணாமல் கேட்டு வந்தவளுக்கு ஒருத்தி கதவைச் சாத்தினது அதுதான் முதல் தடவை. அது கலைமதிக்காகத்தான் சாத்தினாள், புரிகிறது. ஆனாலும் தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். வசந்தா கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்து, கதவுக்குப் பின்னால் நின்றபடியே, வாங்க சார் என்றாள். அவர் கேட்டதற்கெல்லாம் அங்கிருந்தே பதில் சொன்னாள். என்ன இருக்கிறது என்று அவர் கேட்பார், இல்லீங்க என்பாள். அடுத்ததைக் கேட்பார், இல்லீங்க என்பாள். ஒவ்வொரு தரமும் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அசோகன் தட்டி முடித்தார். மார்க் தாண்டிவிட்டது, கமிட்டி கையெழுத்து ஒரு சடங்குதான், நாளைக்கு போன் வந்துவிடும், கலைமதி துணிமணி எடுத்து வைக்கலாம் என்றார். கலைமதி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கதவுக்குப் பின்னால் வசந்தா மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அவரை வழியனுப்ப வாசல் வரைக்கும் போனேன். பாத்தீங்களா பெரியவரே, கடைசியில் நியாயமானவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் ஆகவில்லை.

"அன்னைக்கும் நாங்கதான் இருந்தோம், இன்னைக்கும் நாங்கதான் இருக்கோம். அதே கூலிதான். நடுவுல ஒரு சோபா மட்டும் எடம் மாறியிருக்குது. இதுல நீங்க எங்களை எங்க பாத்தீங்க?"

"வேற எப்படிங்க பாக்குறது? ஆயிரம் பேர் கேக்குறாங்க, கொடுக்க எடம் கொஞ்சம். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும் இல்ல?"

"சரி. அந்த சோபாக்காரி வீட்டுல ஒரு புள்ள கேட்டா? வீட்டுக்காரனுக்குக் கிட்னி இல்ல, மகன் சம்பளம் அங்கதான் போவுது. அது உங்க போன்ல வருமா?"

வரும் என்றார். நோய்க்கென்று தனியாகவே ஒரு கட்டம் இருக்கிறதாம்.

"அதுக்கு எத்தனை மார்க்?"

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ரெண்டு."

"சோபா இருந்தா எத்தனை குறைப்பீங்க?"

மறுபடியும் தள்ளினார். சொல்ல அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும், கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு சொன்னார். "மூணு."

அதற்குமேல் நான் நிற்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த பலகையை எடுத்துத் தோளில் போட்டேன். கால் புண் வலித்தது, வலிக்கட்டும். வாரிக் குவிக்காத உப்பு பாத்தியில் கிடக்கிறது, வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது. அடுத்த வருஷம் இதையெல்லாம் மாற்றி அமைக்கப் போகிறோம், நானே கமிட்டியில் சொல்கிறேன் என்று அசோகன் பின்னாலிருந்து சொன்னார். சொல்லட்டும். நான் திரும்பிப் பார்க்காமல் அளத்துப் பக்கம் நடந்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை.